மகளைக் கடித்த உண்ணி: எலியைக் கொன்றால் பயம் தீருமா?

வாசகர் கேள்விக்குத் தொற்றுநோய் மருத்துவர் தரும் ஆலோசனை

அமெரிக்காவின் வடகிழக்கில், காட்டை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் வசிக்கும் தாய் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. ஆறு வயது மகளைக் குளிப்பாட்டும்போது முழங்காலுக்குப் பின்மடிப்பில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தார், போகவில்லை. குனிந்து பார்த்தால் கசகசா அளவில் ஓர் உண்ணி, கால்களை அசைத்துக்கொண்டிருந்தது. அன்று காலை உடை மாற்றிவிட்டபோது அந்த இடம் சுத்தமாக இருந்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமியார் போனில் சொன்னபடி தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, சூட்டோடு அதன்மேல் வைத்தார். குழந்தைக்குத் தோல் லேசாகச் சுட்டதுதான் மிச்சம். பிறகு புருவம் எடுக்கும் ட்வீசரால் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது. தட்டையாகத்தான் இருந்தது, கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்.

மறுநாள் கடித்த இடத்தில் சின்ன நாணயம் அளவுக்குச் சிவந்து, இரண்டு நாளில் மறைந்தது. திங்கட்கிழமை பார்த்த மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் செய்யவில்லை, மருந்தும் தரவில்லை. "ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த சில நாட்களில் கணவர் கொட்டகையில் விறகு அடுக்குக்குப் பின்னால் எலிக்கூடு ஒன்றைக் கண்டார். மேலே பழுப்பு, வயிறும் கால்களும் வெள்ளை, பெரிய கண்கள். அந்தக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சை இரண்டு வாரத்துக்கு முன் கையில் ஏந்தி விளையாடியதாக மகள் அப்போதுதான் சொன்னாள்.

இப்போது கணவர் விஷம் வாங்கி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பூனை வளர்க்கச் சொல்கிறார். அம்மாவோ போனில் "அது எலிக்காய்ச்சல், உடனே ஊசி போடு" என்கிறார். உண்ணி கடியால் பரவும் லைம் நோய் வந்தால் வாழ்நாள் முழுக்கத் தீராது என்று இணையத்தில் படித்துவிட்டு, பதினோரு நாட்களாகச் சரியாகத் தூங்காமல், மகளை வாசற்படி தாண்ட விடாமல் வைத்திருக்கிறார் இந்தத் தாய். வேறிடத்தில் ரத்தப் பரிசோதனை செய்யலாமா, அந்த மருத்துவர் மீது புகார் கொடுக்கலாமா, எலிகளை ஒழித்தால் ஆபத்து தீருமா என்று கேட்கிறார். கடைசி வரியில் மகள் கேட்ட ஒரு கேள்வியையும் எழுதியிருக்கிறார்: "எலிக்கும் காய்ச்சல் வருமா அம்மா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதில் உங்களுக்கே முக்கியமாகத் தோன்றாத இரண்டு விவரங்கள் இருக்கின்றன. காலையில் அந்த இடத்தில் உண்ணி இல்லை. மாலையில் எடுத்தபோது அது தட்டையாக இருந்தது. உங்கள் கடிதத்தில் என் மனதுக்கு நிம்மதி தந்த விவரங்கள் இவைதான். இரண்டும் சேர்ந்து சொல்வது, அந்த உண்ணி ஒட்டியிருந்தது சில மணி நேரம்தான், ரத்தம் குடித்து ஊதவே இல்லை.

லைம் நோய்க்குக் காரணமான பொரீலியா என்ற சுருள் வடிவ பாக்டீரியா, பசியோடு காத்திருக்கும் உண்ணியின் குடலில் அசையாமல் கிடக்கும். உண்ணி கடித்து, இளஞ்சூடான ரத்தம் உள்ளே வரத் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொள்ளும். தன் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தை மாற்றிக்கொண்டு, குடலை விட்டுக் கிளம்பி எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் மனித உடம்புக்குள் இறங்க முடியும். இந்தப் பயணத்துக்குப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால்தான், கடித்தவுடன் தடுப்பாக ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தருவதற்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் மூன்று நிபந்தனை வைக்கின்றன. கடித்தது இந்த நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி இனமாக இருக்க வேண்டும், அந்த வட்டாரத்தில் நோய் அதிகமாக இருக்க வேண்டும், உண்ணி 36 மணி நேரமாவது ஒட்டியிருந்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால், உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருந்தைக் கொடுக்க வேண்டும். உங்கள் மகளுக்கு மூன்றாவது நிபந்தனை பொருந்தவில்லை.

இந்த மருந்தை முதலில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. நோய் மிக அதிகமாக இருந்த பகுதியில், கறுங்கால் உண்ணி கடித்து மருந்தே எடுக்காதவர்களில், கடித்த இடத்தில் தோலில் விரியும் நோய்த் தடம் தோன்றியது 3.2 சதவீதம் பேருக்கு. மருந்து எடுத்தவர்களில் அது 0.4 சதவீதம். மருந்து வேலை செய்கிறது என்பது உண்மை. மருந்து எடுக்காத நூறு பேரில் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. ராத்திரி தூக்கம் வராதபோது இந்த இரண்டாவது எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

தீக்குச்சி வைத்ததற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். சூடு வைப்பது, மண்ணெண்ணெய், நகப்பூச்சு, வாசலைன் தடவுவது எல்லாமே பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிற வழிதான். ஆனால் அவற்றால் உண்ணி கிளறப்பட்டு எச்சிலைக் கூடுதலாக உள்ளே விடலாம், நேரமும் வீணாகும். அடுத்த முறை முதலிலேயே ட்வீசரை எடுங்கள். தோலோடு ஒட்டினாற்போல, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், நேராக மேல்நோக்கி நிதானமாக இழுங்கள். முள்போல ஏதாவது உள்ளே தங்கிவிட்டால் தோண்ட வேண்டாம், தோல் தானே வெளியே தள்ளிவிடும். உண்ணியை எறிவதற்கு முன் ஒரு நாணயத்தோடு வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியும் நேரமும் அந்தப் படத்திலேயே பதிவாகிவிடும், இனத்தையும் மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ரத்தப் பரிசோதனையும் புகாரும்

"ரத்தம்கூட எடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் லைம் நோய்க்கான வழக்கமான பரிசோதனை, கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உருவாக்கும் எதிர்ப்புரதத்தைத் தேடுகிறது. அது தேறி வரச் சில வாரம் ஆகும். கடித்து இரண்டு நாளில் எடுத்த ரத்தம், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் "இல்லை" என்றே சொல்லும். அந்தக் காகிதத்தை நம்பி நீங்கள் கவனிப்பதை விட்டுவிட்டால் அதுதான் ஆபத்து. இன்றைக்கு வேறிடத்தில் போய் எடுத்தாலும், அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு அதனால் பயன் இல்லை. உண்ணியையே ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதும் சிகிச்சையைத் தீர்மானிக்க உதவாது. உண்ணியில் கிருமி இருந்தால் அது மகளுக்குள் வந்துவிட்டது என்று பொருளில்லை.

ஆக, அந்த மருத்துவர் செய்தது சரி. அவர் செய்யத் தவறியது, ஏன் ஒன்றும் செய்யவில்லை என்பதை உங்களுக்கு விளக்குவதுதான். ஐந்து நிமிடம் பேசியிருந்தால் இந்தப் பதினோரு இரவுகளில் பாதியையாவது நீங்கள் தூங்கியிருப்பீர்கள். இந்தக் குறையை அந்த மருத்துவமனையிடம் எழுதிச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, சொல்லவும் வேண்டும். மகளின் மருத்துவக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உண்ணி ஒட்டியிருந்த நேரம் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள். வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்பதும் உங்கள் விருப்பம். ஆனால் சிகிச்சையில் அலட்சியம் என்று புகார் கொடுத்தால் அது நிற்காது. அதற்கு அலைகிற நேரத்தை மகளுக்காகச் செலவிடலாம்.

இந்த நோயின் கதையிலேயே ஒரு தாய் இருக்கிறார். 1975இல் கனெடிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நிறையக் குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பாலி மரே என்ற தாய் அதை ஏற்கவில்லை. தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் யார் யாருக்கு என்னென்ன வந்தது என்று குறிப்பெழுதி வைத்துக்கொண்டு சுகாதாரத் துறையை விடாமல் கேட்டார். அப்படித்தான் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் ஸ்டீர் விசாரிக்க வந்தார். 1977இல் வெளியான அவருடைய கட்டுரையில் 51 பேர் இருந்தார்கள், அதில் 39 பேர் குழந்தைகள். கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் உண்ணிக்குள் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு, 1981இல். தாய் எழுதி வைக்கும் குறிப்புக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. உங்கள் நான்கு பக்கக் கடிதமும் அப்படிப்பட்ட குறிப்புதான். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

நம் தோலில் அந்தத் தடம் எப்படித் தெரியும்

மறுநாளே வந்து இரண்டு நாளில் மறைந்த சிவப்பு, கொசு கடித்தால் தடிப்பதைப் போல உண்ணியின் எச்சிலுக்குத் தோல் காட்டிய எதிர்வினை. அது லைம் தடம் இல்லை. லைம் தடம் கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள், சராசரியாக ஒரு வாரத்தில் தொடங்கும். நாளுக்கு நாள் விரியும், 5 சென்டிமீட்டரைத் தாண்டும். தொட்டால் லேசான கதகதப்பு இருக்கும். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. நோய் வந்தவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இந்தத் தடம் தோன்றும்.

இணையத்தில் நீங்கள் பார்த்த படங்களில் வட்டத்துக்குள் வட்டமாக, குறிபார்க்கும் பலகையைப் போல இருக்கும். பலருக்கு அப்படி வருவதில்லை. வெறும் ஒரே நிறத் திட்டாகவே பரவும். அதோடு, அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெளிர் தோலில் எடுத்தவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது ரோஜாச் சிவப்பாகத் தெரியாது. பழுப்பு கூடினாற்போல, கன்றிப்போனது போல, சில சமயம் லேசான ஊதா சாயலோடு இருக்கும். விளிம்பு மங்கலாக இருக்கும். கறுத்த தோல் உள்ளவர்களிடம் இந்தத் தடம் கவனத்துக்குத் தப்பி, மூட்டு வீங்கிய பிறகே நோய் தெரிய வருவது நடக்கிறது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நிற்க வைத்துப் பாருங்கள். புறங்கையால் தடவி, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான திட்டு தெரிந்தால் பேனாவால் அதன் ஓரத்தை வரைந்து தேதி போட்டுவிடுங்கள். அடுத்த நாள் கோட்டைத் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் கிளம்புங்கள். அந்தத் தடம் கடித்த இடத்தில் மட்டும்தான் வரும் என்றில்லை. தெரியாமல் கடித்த இன்னோர் உண்ணி முதுகிலோ தலைமுடிக்குள்ளோ இருந்திருக்கலாம் என்பதால் உடம்பு முழுவதையும் பாருங்கள்.

தடம் இல்லாமலும் சில அறிகுறிகள் வரலாம். சளி இருமல் இல்லாத கோடைக் காய்ச்சல், தலைவலி, வழக்கத்தை மீறிய சோர்வு. சில வாரம் கழித்து முகத்தில் ஒரு பக்கம் தொங்குவது, மயக்கம், படபடப்பு. மாதக்கணக்கில் கழித்து ஒரு முழங்கால் மட்டும் பெரிதாக வீங்குவது. இவற்றில் எது வந்தாலும் "ஜூனில் உண்ணி கடித்தது" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டால் மருத்துவரின் பாதி வேலை முடிந்தது.

ஒருவேளை வந்தே விட்டாலும்? தடம் நிலையிலேயே பிடித்தால் டாக்ஸிசைக்ளின் 10 நாள், அல்லது அமாக்ஸிசிலின் 14 நாள், வாய்வழி மாத்திரையோ மருந்தோதான். டாக்ஸிசைக்ளின் குழந்தைகளின் பல்லைக் கறையாக்கும் என்பது பழைய வகை மருந்துகளால் வந்த பயம். 21 நாள் வரைக்கும் எந்த வயதுக் குழந்தைக்கும் தரலாம் என்பதே இன்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு. மூட்டு வரைக்கும் போய்விட்டால் 28 நாள் சிகிச்சை. "வாழ்நாள் முழுக்கத் தீராது" என்று நீங்கள் படித்தது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாது, மிகப் பெரும்பாலானவர்கள் முழுதாகக் குணமடைகிறார்கள். சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகும் சோர்வும் உடல்வலியும் ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பது உண்மை. அவர்கள் படும் பாடு கற்பனை இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றுவது அதைத் தீர்க்கவில்லை என்பதைக் கவனமாக நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படி விற்கிறவர்களிடம் போய்விட வேண்டாம்.

எலியின் பங்கு

சரி, இப்போது எலிக்கு வருவோம். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் அம்மா சொல்லும் எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரா என்ற வேறு பாக்டீரியாவால் வருவது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், சேறு வழியாகப் பரவும். உண்ணிக்கு அதில் வேலை இல்லை. தமிழ்ப் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது உண்ணியைவிடச் சிறிய, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. மூன்றிலும் எலி வருகிறது, ஆனால் மூன்றும் மூன்று நோய்கள். பெயரை வைத்து ஒன்றின் மருத்துவத்தை இன்னொன்றுக்குச் செய்ய முடியாது.

உங்கள் கொட்டகையில் கணவர் பார்த்தது, அந்த வர்ணனைப்படி வெள்ளைக்கால் எலியாக இருக்கலாம். வடகிழக்கு அமெரிக்காவில் லைம் கிருமிக்கு முதன்மையான இருப்பிடம் இதுதான். ஐரோப்பாவில் அந்த இடத்தில் வேறு காட்டெலிகள் இருக்கின்றன. கள ஆய்வு செய்யும் நண்பர்களோடு ஒருமுறை விடிகாலையில் போயிருந்தேன். பெட்டிப் பொறியைத் திறந்து ஓர் எலியைக் கையுறையோடு எடுத்துக் காட்டினார்கள். காதின் ஓரம் முழுவதும் குண்டூசித் தலை போலச் சாம்பல் நிற மணிகள் வரிசை கட்டியிருந்தன. எல்லாம் உண்ணிக் குஞ்சுகள், குடித்து ஊதியவை. எலியோ அதைக் கண்டுகொள்ளாமல் முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

முட்டையிலிருந்து வரும் ஆறு கால் உண்ணிக் குஞ்சுக்குள் லைம் கிருமி இருப்பதில்லை. தாயிடமிருந்து அது இறங்குவதில்லை. கோடைக் கடைசியில் முதல் ரத்தத்துக்காக அது ஒரு பிராணிமேல் ஏறுகிறது. அந்தப் பிராணி வெள்ளைக்கால் எலியாக இருந்தால், ஏறக்குறைய பத்தில் ஒன்பது குஞ்சுகளுக்குக் கிருமி தொற்றிவிடும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். மானாக இருந்தால் தொற்றுவது மிக மிகக் குறைவு. பலரும் மானைத்தான் குற்றம் சொல்கிறார்கள். மான், வளர்ந்த உண்ணிகளுக்குச் சாப்பாடு போடுகிறது, அதனால் உண்ணி பெருகுகிறது. ஆனால் உண்ணிக்குக் கிருமியைக் கொடுப்பதில் எலியும், அடுத்தபடியாக வரி அணிலும் மூஞ்சுறுவும்தான் முன்னணி. தொற்றிய குஞ்சு தோலுரித்து, எட்டுக் கால் இளம் உண்ணியாகச் சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். மறு வருடம் மே முதல் ஜூலை வரை வெளியே வந்து, புல் நுனியிலும் சருகு மேட்டிலும் முன்னங்காலை விரித்துக் காத்திருக்கும். கசகசா அளவில் இருப்பதால் கண்ணில் படாது. மனிதருக்கு லைம் வருவது பெரும்பாலும் இந்த இளம் உண்ணியால்தான்.

உங்கள் மகளைக் கடித்ததும் கசகசா அளவுதான், மாதமும் ஜூன். அதாவது அதற்குள் கிருமி இருந்திருந்தால், அது சென்ற கோடையில் ஏதோ ஒரு பிராணியிடம் வாங்கியது. காட்டில் வெள்ளைக்கால் எலி ஒரு வருடம் தாண்டுவதே அரிது. அந்த எலி இன்றைக்கு உயிரோடு இருக்கவே வாய்ப்புக் குறைவு. கொட்டகையில் இப்போது இருக்கும் எலிகளைக் கொன்றாலும், சருகுக்குள் ஏற்கெனவே காத்திருக்கும் உண்ணிகளில் ஒன்றுகூடக் குறையாது.

ஓக் மரங்களை வைத்து இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சில வருடங்களில் ஓக் மரங்கள் விதைகளைக் கொட்டித் தள்ளும். அதைத் தின்று அடுத்த வருடம் எலி பெருகும். அந்த எலிகளில் ரத்தம் குடித்த குஞ்சுகள் அதற்கும் அடுத்த வருடம் இளம் உண்ணிகளாக வரும். விதை கொட்டிய இரண்டாம் வருடக் கோடையில்தான் மனிதர் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் பக்கத்துக் காட்டில் ஓக் இருந்தால், இந்த இலையுதிர்காலத்தில் எவ்வளவு விதை விழுகிறது என்று மகளோடு போய்ப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

விஷம், பூனை, வேறு வழி

கணவரிடம் சொல்லுங்கள், விஷத்தைப் பிரிக்க வேண்டாம். ஆறு வயதுக் குழந்தை புழங்கும் கொட்டகையில் எலி விஷம் வைப்பது, இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற ஆபத்தை உள்ளே கூட்டி வருவது. அதைத் தின்று தள்ளாடும் எலியை ஆந்தையும் நரியும் பிடித்துத் தின்னும். எலியைக் குறைக்கும் பிராணிகளே அப்படிச் செத்துப்போகும்.

வேறொரு காரணமும் இருக்கிறது. மேற்கு அமெரிக்காவின் மலைக் குடில்களில் மென்னுண்ணி என்ற வகை, அணில், எலிக் கூடுகளுக்குள்ளேயே குடியிருக்கும். இரவில் வந்து, தூங்குகிறவரை அரை மணி நேரத்துக்குள் வலியில்லாமல் கடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால் வரும் மீள் காய்ச்சலும் பொரீலியா குடும்பத்துப் பாக்டீரியாவால்தான். 1973இல் கிராண்ட் கேன்யனின் வடகரைக் குடில்களில் 62 பேருக்கு அது வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கூட்டை அகற்றாமல், உண்ணியைக் கவனிக்காமல், எலியை மட்டும் கொன்றால் பசித்த உண்ணிகள் அடுத்த சூடான உடம்பைத் தேடி வரும். உங்கள் வட்டாரத்தில் இருப்பது வேறு வகை உண்ணிதான். ஆனாலும், விடுமுறையில் மேற்கே மலைக் குடிலில் தங்கிவிட்டு வந்து, காய்ச்சல் வந்து விட்டு மறுபடி வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

பூனை எலியைப் பிடிக்கும், உண்மைதான். அதே பூனை சருகில் புரண்டு, உண்ணியைத் தன் ரோமத்தில் ஏற்றி வந்து மகளின் படுக்கையில் இறக்கும். இந்தக் காரணத்துக்காகப் பூனை வாங்காதீர்கள். ஆசைப்பட்டு வாங்கினால், ஒன்றை மறக்கக் கூடாது. உடைகளில் தெளிக்கும் பெர்மெத்ரின் மருந்து, ஈரமாக இருக்கும்போது பூனைக்கு நஞ்சு.

எலி வீட்டுக்குள் வராமல் செய்வது வேறு விஷயம், அதைச் செய்யத்தான் வேண்டும். பென்சில் நுழையும் ஓட்டை போதும், எலி உள்ளே வந்துவிடும். வாடகை வீடு என்பதால், ஓட்டைகளைப் படம் எடுத்து, அடைத்துத் தரும்படி உரிமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் பிறகு நிரூபிக்க முடியாது. கொட்டகைக் கூட்டைச் சுத்தம் செய்யும்போது உலர்ந்த புழுக்கையைப் பெருக்கவே கூடாது, வாக்குவம் போடவும் கூடாது. அந்தத் தூசி வழியாக ஹன்டா வைரஸ் பரவ முடியும். மிக அரிது, ஆனால் கடுமையான நோய். கதவைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கூட்டையும் புழுக்கையையும் நனைத்து, ஐந்து நிமிடம் ஊற வைத்து, காகிதத்தால் துடைத்து எடுங்கள். மகள் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அவள் எலிக்குஞ்சைக் கையில் எடுத்தாள் என்பதற்காக லைம் வராது. எலியைத் தொடுவதால், அதன் எச்சிலால், புழுக்கையால் அது பரவுவதில்லை. உண்ணி கடித்தால்தான். அவளிடமிருந்து உங்களுக்கோ வேறு குழந்தைகளுக்கோ தொற்றவும் செய்யாது. ஹன்டா வைரஸை மனதில் வைத்து, எலியைத் தொட்ட நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கடுமையான உடல்வலியும் வந்தால் மட்டும், எலியைத் தொட்டதையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உண்மையில் பலன் தருவது தினமும் செய்யும் இரண்டு மூன்று வேலைகள். விளையாடி வந்ததும் உடைகளை உலர்த்தும் இயந்திரத்தில் நல்ல சூட்டில் பத்து நிமிடம் போடுங்கள், உண்ணி காய்ந்து செத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிப்பாட்டுங்கள். குளிக்கும்போது காதுக்குப் பின்னால், முடி ஓரம், அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, முழங்கால் பின்மடிப்பு ஆகிய இடங்களைக் கண்ணாலும் விரலாலும் தேடுங்கள். வெளியே போகும்போது நீளக் கால்சட்டை, காலுறைக்குள் செருகியது. ஆறு வயதுக் குழந்தைக்கு டீட் என்ற மருந்து கலந்த பூச்சி விரட்டியைத் தோலில் தடவலாம். பெர்மெத்ரின் உடைக்கும் காலணிக்கும் மட்டும், தோலில் வேண்டாம். வீட்டைச் சுற்றிச் சருகை வாரி, ஊஞ்சலைக் காட்டோரத்திலிருந்து வெயில் படும் இடத்துக்கு நகர்த்தி, புல்வெளிக்கும் காட்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்கு மரச்சில்லு போட்டால் நல்லது. விறகு அடுக்கை வீட்டிலிருந்து தள்ளி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

எலிக் கூட்டுக்குப் போகும்படி மருந்து தோய்த்த பஞ்சுக் குழாய், எலி நுழைந்தால் உடம்பில் உண்ணி மருந்து பூசிவிடும் பெட்டி என்றெல்லாம் விற்கிறார்கள். எலியைக் கொல்லாமல் உண்ணியைக் கொல்லும் யோசனை எனக்குப் பிடிக்கும். எலிக்குத் தீனியில் கலந்து தடுப்பு மருந்து கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நியூயார்க் மாநிலத்தின் டச்சஸ் மாவட்டத்தில் அந்தப் பெட்டிகளைத் தெருத் தெருவாக வைத்துப் பல வருடம் நடத்திய ஆய்வில் உண்ணிகள் குறைந்தன, மனிதருக்கு வரும் நோய் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. ஆகவே அதற்குப் பணம் செலவழித்தாலும், குளியலறைத் தேடலை நிறுத்தக் கூடாது.

மகளை இன்றைக்கே வெளியே விடுங்கள். காலண்டரில் கடித்த தேதியிலிருந்து முப்பதாம் நாளை வட்டமிட்டு, அதுவரை தினமும் குளிக்கும்போது ஒரு முறை பார்த்தால் போதும். ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டாம்.

அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுங்கள். எலிக்கு இந்தக் கிருமியால் காய்ச்சல் வருவதில்லை. சின்ன வயதிலேயே ஏதோ ஓர் உண்ணி கடித்து, கிருமி உள்ளே போய், எலி அதோடு ஓடி ஆடிக் குட்டி போட்டு வாழ்ந்துவிடும். எத்தனையோ காலமாக இரண்டும் சேர்ந்து பழகிவிட்டன, நம் உடம்புக்குத்தான் அது புதிது. அவள் கையில் ஏந்திய குஞ்சுக்கு அவளால் ஒன்றும் ஆகவில்லை, அந்தக் குஞ்சைத் தொட்டதால் அவளுக்கும் லைம் வராது. அடுத்த முறை கண்டால் தொடாமல், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடி வந்து உங்களிடம் சொல்லட்டும்.